பதிவேட்டில் உள்ளபடி

உக்காருங்க தம்பி, இடம் இருக்கு. என் பை மட்டும் மடியிலேயே இருக்கட்டும். உள்ள பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர் ரெண்டு இருக்கு. தொலைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்.

நான் தலைமை ஆசிரியர். சவரிமுத்துன்னு பேரு. நாவல்கரைப்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, இங்க இருந்து ரெண்டு பஸ் மாறணும். இன்னைக்கு உங்க ஊர் ஆர்டிஓ ஆபீஸ்ல, அதான் கோட்டாட்சியர் ஆபீஸ்ல, ஒரு விசாரணை. சாட்சி சொல்ல வந்தேன். பத்து மணிக்கு வரச் சொல்லிட்டு மூணு மணிக்குத்தான் கூப்பிட்டாங்க. இன்னும் சாப்பிடல. பசிக்கவும் இல்ல.

என்ன விசாரணைன்னு கேக்குறீங்க. ஒரு பிள்ளை சம்பந்தப்பட்டது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கோகிலா, அஞ்சாம் வகுப்பு. ஆனா அங்க இருந்து ஆரம்பிச்சா உங்களுக்கு என் மேலதான் தப்புன்னு தோணும். முதல்ல இருந்து சொல்றேன்.

போன ஜூன்ல எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அறுபத்தொரு பிள்ளைங்க. அறுபது வரைக்கும் இருந்தா ரெண்டு வாத்தியார். ஒரு தலை கூடினா மூணு வாத்தியார். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி எத்தனை பேர் இருக்காங்களோ அதுதான் அந்த வருசத்துக்கு. அன்னைக்கு ஒண்ணு குறைஞ்சா எஸ்தர் டீச்சர் உபரி. உபரின்னா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாத ஆள்னு அர்த்தம். மாவட்டத்துல எந்த மூலைக்கு வேணா தூக்கிப் போடலாம். அவங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். எங்க போவாங்க அந்தம்மா? பராமரிப்பு மானியமும் தலையை எண்ணித்தான் வரும். எங்களுக்கு ரெண்டு வகுப்புல கூரை ஒழுகுது.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கற்றல் அடைவுன்னு ஒரு ஆய்வு. பிள்ளைங்க வாசிக்குதா, கழிக்குதா, வகுக்குதான்னு மேல இருந்து ஆள் வந்து பாப்பாங்க. முந்தின வருசம் எங்க வட்டாரத்துலயே நாங்கதான் கடைசி. மீட்டிங்ல எங்க பிஇஓ மேடம், வட்டாரக் கல்வி அலுவலர், எல்லார் முன்னாடியும் என்னை எந்திரிக்கச் சொல்லி, "சார் முப்பத்தொரு வருச சர்வீஸ், இதான் பலன்"னு சொன்னாங்க. என்னை விடப் பதினெட்டு வயசு சின்னவங்க. இந்த வருசமும் கடைசியா வந்தா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோட சேத்திருவோம்னு சொல்லி அனுப்பினாங்க.

தலையும் குறையக் கூடாது, தரமும் குறையக் கூடாது. ரெண்டையும் எப்படித் தம்பி ஒருத்தன் பிடிச்சு நிறுத்துவான்?

ஜூலை ரெண்டாவது வாரம் வியாழக்கிழமை வர்றாங்கன்னு தகவல் வந்துச்சு. அஞ்சாம் வகுப்பைத்தான் பாப்பாங்க. பதினாலு பிள்ளைங்க. அதுல நாலு பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. எல்லா ஹெச்எம்மும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். அந்த நாலு பேரையும் அன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கச் சொன்னேன். வராத பிள்ளைக்கு மார்க் கிடையாது, சராசரியும் குறையாது. ஒரே ஒரு நாள் தம்பி. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

மூணு வீட்டுல பிள்ளைங்க கிட்டயே சொல்லிவிட்டேன். கோகிலா வீட்டுக்கு மட்டும் நானே போனேன். ஏன்னா அவ சொன்னாக் கேக்க மாட்டா, வந்து நிப்பா. காய்ச்சல்ல கூட வருவா. படிப்பு வராது, ஆனா வருவா. அப்பன் விட்டுட்டுப் போயிட்டான். அம்மா பஞ்சவர்ணம் மில்லுக்குப் போகுது. வீட்டுல தனியா இருக்கப் பயந்துக்கிட்டு வருதோ என்னவோ.

நான் போனப்ப பஞ்சவர்ணம் வாசல்ல பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்துச்சு. உள்ள கட்டில்ல ஒரு ஆள் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தான். துரைப்பாண்டின்னு, அதுக்குத் தம்பி முறை வேணும். வெள்ளைச் சட்டை, கையில ரெண்டு போன். மில்லுக்கு ஆள் பிடிச்சு விடுறவன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க.

நான் சொன்னேன், "வியாழக்கிழமை பிள்ளையை அனுப்பாதம்மா. மேலிடத்துல இருந்து வர்றாங்க."

"ஏன் சார், அவ எதாச்சும் தப்புப் பண்ணிட்டாளா?"

"தப்பெல்லாம் இல்ல. அஞ்சாவது வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியல. அவங்க பாத்தாங்கன்னா பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்க."

"சார், போகப் போக வந்துராதா?"

நான் உண்மையைத்தான் சொன்னேன். பெத்தவங்க கிட்ட மறைக்கக் கூடாதுன்னு ட்ரெய்னிங்லயே சொல்லுவாங்க. "நானும் நாலு வருசமாப் பாத்துட்டேன். அதுக்குப் படிப்பு ஏறாதும்மா"ன்னேன்.

கோகிலா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. கேட்டுருப்பா. துரைப்பாண்டி டம்ளரைக் கீழ வச்சிட்டு, "பாத்தியாக்கா, வாத்தியாரே சொல்லிட்டாரு"ன்னான். அவன் எதைப் பத்திச் சொல்றான்னு எனக்கு அப்பத் தெரியாது. நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆய்வு நல்லபடியா முடிஞ்சது. பத்துப் பிள்ளைல எட்டு நல்லா வாசிச்சிருச்சு. வட்டாரத்துல கடைசியில இருந்து நடுவுக்கு வந்துட்டோம். பிஇஓ மேடம் வாட்ஸப் குரூப்புல கைதட்டுற படம் போட்டாங்க.

வெள்ளிக்கிழமை மூணு பேர் திரும்பி வந்தாங்க. கோகிலா வரல. திங்கக்கிழமையும் வரல. எஸ்தர் டீச்சர்தான் அஞ்சாம் வகுப்பு. அவங்க வந்து, "சார், கோகிலாவைக் காணோம். ஆள் அனுப்பிப் பாக்கட்டுமா"ன்னு கேட்டாங்க. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பிள்ளைங்க கிட்ட விசாரிச்சா, "அவ துரைப்பாண்டி மாமா காருல போயிட்டா சார். டவுன்ல பெரிய வீட்டுல பாப்பா பாத்துக்கப் போயிருக்கா"ன்னு சொல்லுது.

சரி, என்ன பண்ணுவேன் சொல்லுங்க. ஜூலை பதினெட்டு. ஆகஸ்ட் ஒண்ணுக்கு ரெண்டே வாரம்தான். அவ பேரை எடுத்தா அறுபது. எஸ்தர் டீச்சர் கிட்ட, "டீச்சர், உங்களுக்குப் பாடமே தலைக்கு மேல இருக்கு. அஞ்சாம் வகுப்பு வருகைப் பதிவை இனிமே நான் போட்டுக்கறேன்"னு சொல்லி வாங்கிக்கிட்டேன். செல்லுலயும் நானே ஏத்தினேன், ரெஜிஸ்டர்லயும் நானே போட்டேன். வருகை தந்தாள். வருகை தந்தாள். ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும்தான்னு நெனச்சேன்.

ஆனா ஆகஸ்ட் ரெண்டாந்தேதி திடீர்னு நிறுத்தினா சந்தேகம் வரும்ல. தொடர்ந்து வராத பிள்ளைன்னு காட்டினா இடைநின்ற பிள்ளைன்னு ஒரு பட்டியல். அதுக்கு வீடு வீடாப் போய் விசாரிக்கிற ஒரு குழு. ஆய்வு அன்னைக்கு ஏன் வரலைன்னு அதுல இருந்து தோண்டுவாங்க. அதனால அப்படியே போயிருச்சு. செப்டம்பர்ல பரீட்சை. பேர் இருந்தா மார்க் இருக்கணும். போட்டேன். அக்டோபர்ல சீருடை வந்துச்சு. பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கொடுத்தேன். அதுவும் ஒண்ணும் கேக்காம வாங்கிட்டுப் போச்சு. போறப்ப மட்டும் துணியை விரிச்சுப் பாத்து, "அளவு பத்துமா சார், வளந்திருப்பாளே"ன்னுச்சு. அது எப்பப் பாத்துச்சோ பிள்ளையை.

அரையாண்டுல தமிழ்ல எழுபத்திரண்டு போட்டேன். கொஞ்சம் தாராளமாத்தான் போட்டேன். இல்லாத பிள்ளைக்குக் குறைச்சுப் போட மனசு வரல.

எஸ்தர் டீச்சர் அதுக்கப்புறம் ஒரு தடவைதான் கேட்டாங்க. டிசம்பர்ல. "சார், அந்தப் பிள்ளை எங்க இருக்குன்னு நமக்காவது தெரியணும்ல." நான் சொன்னேன், "உங்க போஸ்ட்டுக்காகத்தான் டீச்சர் இவ்வளவும்." அதோட நிறுத்திக்கிட்டாங்க. பேச்சையே நிறுத்திக்கிட்டாங்க.

பொங்கல் முடிஞ்சு பதினேழாந்தேதி இந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பிள்ளை தனியா உக்காந்திருக்குன்னு பூக்கடைக்காரம்மா ஒண்ணு போலீஸ்ல சொல்லியிருக்கு. கையில துணி சுத்தியிருந்துச்சாம். எந்த ஊருன்னு கேட்டதுக்கு ஊர் பேரைச் சொல்லல. பள்ளிக்கூடத்து பேரைச் சொல்லியிருக்கா. நாவல்கரைப்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளின்னு முழுசா. என் பேரையும் சொல்லியிருக்கா.

அந்தப் பெரிய வீடு இங்கதான், தியேட்டருக்குப் பின்னாடி. வேண்டாம், பேரெல்லாம் எதுக்கு. அவங்க சொன்னது, பொங்கல் லீவுக்கு விருந்தாளியா வந்த பிள்ளை, நாலு நாள்தான் இருந்துச்சு, பொங்கல் பானை பொங்குறப்ப கையில பட்டுருச்சு, பயந்து ஓடிருச்சு. பிள்ளை சொன்னது, ஜூலையில இருந்து அங்கதான் இருந்தேன், இஸ்திரிப் பெட்டியால வச்சாங்க. பஞ்சவர்ணமும் முதல்ல ஜூலைன்னுதான் சொல்லியிருக்கு.

அப்பத்தான் எல்லாரும் என் ரெஜிஸ்டரைத் தேட ஆரம்பிச்சாங்க.

துரைப்பாண்டி முதல் நாளே போன் பண்ணிட்டான். "சார், உங்க ரெஜிஸ்டரை நம்பித்தான் இருக்கோம். அது அப்படியே இருக்கட்டும்"னான். மிரட்டல. மரியாதையாத்தான் பேசினான். அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் அவன் கிட்ட எதுவுமே சொன்னதில்ல. ரெஜிஸ்டர்ல அவ பேரு ஓடுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? சீருடைன்னு கூப்பிட்டு விட்டேன்ல, அதுல இருந்து பிடிச்சிருப்பான்.

பிஇஓ மேடம் கிட்டப் போனேன். ஒளிக்காமச் சொல்லிடலாம்னுதான் போனேன், சத்தியமா. "மேடம், கோகிலா விசயத்துல"ன்னு ஆரம்பிச்சேன். அவங்க கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. "சார், நடந்தது எனக்குத் தெரிய வேண்டாம். ஆய்வு, பணியிடம், மானியம் எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு. ரெஜிஸ்டர்ல உள்ளதைச் சொல்லிட்டு வாங்க." எனக்கு இன்னும் ஒன்றரை வருசம் சர்வீஸ் இருக்கு தம்பி. பென்சனை நிறுத்தினாங்கன்னா நான் இந்த வயசுல என்ன பண்ணுவேன்?

இன்னைக்கு அந்த ஹால்ல எல்லாரும் இருந்தாங்க. ஆர்டிஓ நல்ல மனுசன், சத்தம் போட்டுப் பேசல. அந்த வீட்டுக்காரங்க வரல, வக்கீல்தான் வந்திருந்தாரு. குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து மும்தாஜ்னு ஒரு மேடம். அவங்கதான் பிள்ளையை ஹோம்ல வச்சு இத்தனை நாள் பாத்துக்கிட்டது. பஞ்சவர்ணம் ஒரு ஓரமா. கோகிலா மும்தாஜ் மேடம் பக்கத்துல. உயரமாயிட்டா. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வணக்கம் சார்"னா. சார் வந்துட்டாரு, இனிமே சரியாயிடும்ங்கிற மாதிரி.

ஆர்டிஓ கேட்டாரு, "ஜூலையில இருந்து பொங்கல் வரைக்கும் இந்த மாணவி பள்ளிக்கு வந்தாளா?"

"பதிவேட்டில் உள்ளபடி வந்திருக்காங்க ஐயா"ன்னேன்.

கவனிச்சீங்களா தம்பி? வந்தான்னு நான் சொல்லல. பதிவேட்டில் உள்ளபடின்னு ஒரு வார்த்தை சேத்துக்கிட்டேன். அது பொய் ஆகாது. பதிவேட்டுல அப்படித்தானே இருக்கு.

கோகிலா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. சிரிப்பு உடனே போகல. அவளுக்குப் புரியறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு.

அப்ப மும்தாஜ் மேடம் எந்திரிச்சாங்க. கெட்டிக்காரங்க. "ஐயா, அரையாண்டுல தமிழ்ல எழுபத்திரண்டு மார்க்னு இதுல இருக்கு. இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்தப்ப எழுத்துக்கூட்டவே தெரியாதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கு. கூடப் படிச்ச பிள்ளைங்க சொல்றதை ரெஜிஸ்டருக்கு எதிரா எடுத்துக்க முடியாதுன்னுட்டீங்க. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க. ரெஜிஸ்டர் நிஜமா பொய்யான்னு இங்கயே தெரிஞ்சிரும்."

முடிஞ்சது நம்ம கதைன்னு நெனச்சேன். மேசை மேல ஒரு தமிழ்ப் புத்தகம். ஆர்டிஓ நடுவுல ஒரு பக்கத்தைப் பிரிச்சு நீட்டினாரு. அவ ரெண்டு கையாலயும் வாங்கினா. வலது கை மேல தோல் சுருங்கி, முக்கோணமா ஒரு தழும்பு. பொங்கப் பானை பட்டா எப்படி இருக்கும்னு நான் டாக்டரா, எனக்கு என்ன தெரியும்.

அவ என்னை ஒரு தடவை பாத்தா. அப்புறம் வாசிச்சா.

நம்ப மாட்டீங்க. ஒரு குளத்தைப் பத்தின பாடம். தூர் வாரினது, மழை பேஞ்சது, கொக்கு வந்தது. விரலை வச்சுக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்து விடாம வாசிச்சா. முற்றுப்புள்ளி வந்தா மூச்சு விட்டா. ஒரு பக்கம் முடிச்சிட்டு, சொல்லாமலேயே அடுத்த பக்கத்தைத் திருப்பினா. ஆர்டிஓதான் போதும்மான்னாரு. மும்தாஜ் மேடம் முகத்தைப் பாக்கணுமே. அப்படியே உக்காந்துட்டாங்க.

"யாரும்மா உனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது?"ன்னு ஆர்டிஓ கேட்டாரு.

"அந்த வீட்டுப் பாப்பா சார். அது புக்கை வச்சுக்கிட்டாத்தான் சோறு திங்கும். ஊட்டுறப்ப நானும் பாப்பேன். அதுக்கு டியூசன் எடுக்குற அக்கா வர்றப்ப பக்கத்துல தரை துடைப்பேன்."

வக்கீல் லேசாச் சிரிச்சாரு. "நாலு நாள்ல கத்துக்கிச்சாங்கய்யா?"ன்னாரு. நாலு நாள் இல்லைன்னு அவ சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. ரெஜிஸ்டர் ஒரு பக்கம், மார்க் ஒரு பக்கம், சீருடைக்கு அம்மா போட்ட கையெழுத்து ஒரு பக்கம், இப்ப அவளே வாசிச்சும் காட்டியாச்சு. ஆர்டிஓ பஞ்சவர்ணத்தைக் கேட்டாரு, "இது உன் கையெழுத்துதானே?" அது ஆமான்னுச்சு. முதல்ல சொன்ன ஜூலையை அது திரும்பச் சொல்லல.

கொத்தடிமையா வச்சிருந்ததுக்கு ஆதாரம் இல்லை, பிள்ளையைத் தாய் வசம் ஒப்படைக்கலாம்னு எழுதிட்டாரு. எந்திரிக்கிறப்ப என்னைப் பாத்து, "அரசுப் பள்ளியில இவ்வளவு தெளிவா வாசிக்க வச்சிருக்கீங்க சார்"னாரு. முப்பத்தொரு வருசத்துல ஒரு அதிகாரி எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை தம்பி அது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. படிப்பு ஏறாதுன்னு நான் கைகழுவின பிள்ளை. இப்ப பாருங்க.

வெளிய வந்தா துரைப்பாண்டி காரோட நிக்கிறான். பஞ்சவர்ணம் கிட்ட, "நடந்தது நடந்து போச்சுக்கா, வா, ஊருல கொண்டு விட்டுர்றேன். பிள்ளையை வச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறப் போறியா"ன்னு பேசிக்கிட்டு இருந்தான். மும்தாஜ் மேடம் உள்ள ஆர்டிஓ கிட்ட இன்னும் வாதாடிக்கிட்டு இருந்தாங்க. பஞ்சவர்ணம் ஏறி உக்காந்துருச்சு.

கோகிலா ஏறல. எங்கிட்ட வந்தா. ஏன் சார் அப்படிச் சொன்னீங்கன்னு கேப்பாளோன்னு நெனச்சேன். கேக்கல. "சார், நான் உங்க கூட பஸ்ல வரட்டா?"ன்னா.

நான் யோசிச்சேன் தம்பி, யோசிக்காம இல்ல. ஆனா அது அவங்க குடும்ப விசயம். அம்மா கார்ல இருக்கு, பிள்ளையை நான் எப்படிக் கூட்டிட்டு வர்றது? அதுவும் இன்னைக்குச் சாட்சி சொல்லிட்டு. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. "அம்மா கூடப் போம்மா. பெரியவங்க சொன்னாக் கேக்கணும்"னேன். அவ என் பையோட வாரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. நானே விரலை எடுத்துவிட்டேன். கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். உக்காந்தப்புறம் கண்ணாடியை இறக்கப் பாத்தா, இறங்கல.

கார் மெயின் ரோட்டுக்கு வந்து இடது பக்கம் திரும்புச்சு. எங்க ஊருக்கு வலது பக்கம் போகணும். வலது பக்கம்னா, இப்ப பஸ் போகுதே, இந்த ரோடுதான். பெட்ரோல் போடப் போயிருப்பான். அந்தப் பக்கம் ஒரு பங்க் இருக்கு, காலைல பஸ்ஸை விட்டு இறங்குறப்பப் பாத்தேன்.

எவ்வளவு நேரம் ஆச்சா? ஒரு மணி நேரம் இருக்கும். நான் ஆபீஸ்ல பயணப்படி பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு வர லேட்டாயிருச்சு.

ஏன் தம்பி, போனை எடுக்குறீங்க? யாருக்கு? குழந்தைங்களுக்குன்னு இருக்குற நம்பரா? அதெல்லாம் எதுக்கு, ஊருல போய் இறங்கியிருப்பாங்க. நீங்க நம்ப மாட்டேங்கிறீங்க. சரி, பேசுங்க, பேசுறதுல ஒண்ணும் இல்ல. என் பேரு மட்டும் வேண்டாம்.

கார் நம்பரா? நான் கவனிக்கலையே.

வெள்ளைக் கார். அவ்வளவுதான் தெரியும்.